வாயுச் சிலிண்டர்: கிரயமா, குத்தகையா, ஒற்றியா?

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, மலைக்கோட்டையின் அடிவாரத்தில் அமைந்துள்ள தியாகதுருகமும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் உழவையே பிழைப்பாகக் கொண்டவை. 2019-ம் வருஷத்தில் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி ஜில்லாவாக ஏற்பட்ட கள்ளக்குறிச்சியில் நெல், கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம் ஆகியவை முக்கியமான பயிர்கள். கரும்பு மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆகிய ஊர்களிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்கு வண்டி ஏறுகிறது. இவ்வளவு வேலைக்கும் முற்காலத்தில் மாடும் மரமுமே கருவியாக இருந்தன. இப்போதோ டிராக்டர், டிரெய்லர், கொக்கிக் கலப்பை, ரோட்டவேட்டர், சேற்றுழவுக்கான கேஜ் வீல் என்று ஒவ்வொன்றும் இரும்பாய்விட்டது. மாட்டுக் கொட்டிலுக்கு அடுத்தாற்போல் ஓர் இரும்புக் கொட்டகையும் நிலச்சுவான்தார்களின் வீடுகளில் தோன்றியிருக்கிறது.

இரும்பு உள்ள இடத்தில் முறிவும் உண்டு. ஆகவே அநேகர் ஏற்கெனவே மின்சார வெல்டிங் இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்துள்ளனர். அதற்கடுத்து அவர்கள் விரும்புவது தடித்த இரும்பை நெருப்பால் அறுக்கும் கேஸ் கட்டர். அறுக்கும் டார்ச்சும், ரப்பர்க் குழாய்களும், அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டரும் கடையில் ஒருமுறை வாங்கிவிட்டால் தீர்ந்தது. ஆனால் வாயு தனியே வருவதில்லை. கனத்த எஃகுச் சிலிண்டரில் அடைபட்டே வருகிறது. அந்தச் சிலிண்டரை விலை கொடுத்து வாங்கிவிடுவதா, மாத வாடகைக்கு எடுப்பதா என்னும் கேள்வி அங்கேதான் எழுகிறது.

"வாடகை கொடுத்துக்கொண்டே இருப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலாகும், ஒருமுறை வாங்கிவிட்டால் சொத்து நம்முடையது" என்பது பொதுவாகக் குடியானவர்கள் கொண்டுள்ள அபிப்பிராயம். நிலத்தைப் பற்றியவரையில் இது அனுபவத்தால் தேர்ந்த உண்மை. சொந்தக் காணி உள்ளவனுக்கும் குத்தகைக் காணி உழுபவனுக்கும் உள்ள வித்தியாசத்தை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் நிலத்திற்குப் பொருந்தும் நியாயத்தை அப்படியே சிலிண்டருக்கும் பொருத்துவது பெரும்பாலான சம்சாரிகளுக்கு நஷ்டத்தையே உண்டாக்கும். நிலம் இருந்த இடத்தில் இருந்து விளைவைத் தரும். சிலிண்டரோ ஊர் விட்டு ஊர் போய் வந்தால்தான் பயன்படும். சும்மா நிற்கும் நாளெல்லாம் அதற்கு வயது மட்டும் ஏறும்.

இதனை விளங்கிக்கொள்ள அறுக்கும் வேலையின் தன்மையைச் சிறிது அறிதல் வேண்டும். டார்ச்சின் நெருப்பு இரும்பை உருக்கி அறுப்பதாகப் பலர் நினைக்கின்றனர். உண்மையில் நெருப்பு இரும்பைச் சுமார் 900 டிகிரி சென்டிகிரேடு வரையில் சிவக்கக் காய்ச்சுவதோடு சரி. அதன்மேல் தூய பிராணவாயுவைப் பீறிட்டு அடிக்கும்போது இரும்பே விறகுபோல் எரிந்து, கசடாகிக் கீழே விழுகிறது. இக்காரணத்தால் எரியும் வாயுவைக் காட்டிலும் பிராணவாயுவே மிகுதியாகச் செலவாகும். வார்ப்பிரும்பும் துருப்பிடிக்காத எஃகும் இவ்விதம் எரிவதில்லையாதலால், பம்பு செட்டின் வார்ப்பு உறுப்புகளை அறுக்க இந்த டார்ச்சு உதவாது என்பதையும் வாங்குமுன் நினைவிற் கொள்ள வேண்டும்.

பட்டறைகளில் சாதாரணமாகக் காணப்படும் பெரிய பிராணவாயுச் சிலிண்டர் சுமார் 46 லிட்டர் கொள்ளளவு உடையது. அதில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தத்தில் 7 கன மீட்டர் வாயு அடைக்கப்பட்டிருக்கும். லாரிச் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தம் 8 கிலோ அளவே என்பதை ஒப்பிட்டால் இதன் வேகம் விளங்கும். அந்த 7 கன மீட்டர் வாயுவின் எடையோ 9 கிலோவுக்குச் சற்று மேல். அதைத் தாங்கும் எஃகின் எடை 50 கிலோவுக்கும் அதிகம். ஒன்பது கிலோச் சரக்கை வாங்குவதற்கு ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்வருவதற்கு இது ஒப்பாகும். குடியானவருக்கு வேண்டுவது சரக்கு, கல் அன்று. கல்லுக்கு யார் உடையவராக இருப்பது என்பதே இங்கு விவாதம்.

நில உடைமையில் கிரயம், குத்தகை, ஒற்றி என மூன்று வழிகள் உண்டென்பதை எல்லோரும் அறிவர். சிலிண்டருக்கும் அதே மூன்று வழிகள் உள்ளன. முழு விலையும் கொடுத்து வாங்குவது கிரயம். மாதத்திற்கோ நாளுக்கோ வாடகை கொடுப்பது குத்தகை. ஒரு தொகையை முன்பணமாகக் கட்டிச் சிலிண்டரை அனுபவித்து, திருப்பிக் கொடுக்கும்போது அத்தொகையைத் திரும்பப் பெறுவது ஒற்றி. இம்மூன்றாவது வழி புதிதன்று. ஒவ்வொரு வீட்டின் அடுப்பங்கரையிலும் நிற்கும் சமையல் எரிவாயுச் சிலிண்டர் இந்த ஒற்றி முறையில் வந்ததே. அதன் எஃகு எண்ணெய்க் கம்பெனிக்குச் சொந்தம்; குடித்தனக்காரர் கட்டியிருப்பது முன்பணம் மாத்திரமே. அச்சிலிண்டரைச் சொந்தமாக வாங்கவில்லையே என்று எந்த வீட்டாரும் வருந்துவதாகக் காணோம்.

முதலில் கிரயத்தைப் பார்ப்போர் அதன் மறைவான செலவுகளையும் பார்த்தல் வேண்டும். இத்தேசத்தில் வாயுச் சிலிண்டர்கள் 1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட விதிகளுக்கு உட்பட்டவை. 1940-ம் வருஷத்தில் முதன்முதல் விதிகள் வகுக்கப்பட்டு, 1981-லும் 2004-லும் மாற்றி அமைக்கப்பட்டு, 2016-ம் வருஷத்து விதிகளாக வந்துள்ளன. பிராணவாயுச் சிலிண்டரை ஐந்து வருஷத்திற்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். சோதனைத் தேதி சிலிண்டரின் தோட்பாகத்தில் குத்தப்பட்டிருக்கும். கெடு கடந்த சிலிண்டரில் வாயு நிரப்பலாகாது. வாடகைச் சிலிண்டருக்கு இச்சோதனைச் செலவும், வால்வு பழுதின் செலவும், சோதனையில் தேறாவிட்டால் வரும் முழு நஷ்டமும் கம்பெனியைச் சார்ந்தவை. சொந்தச் சிலிண்டருக்கு அவை யாவும் உடையவர் தலைமேல் விழும்.

இரண்டாவது சங்கடம் இதனினும் பெரிது. வாயு நிரப்பும் நிலையம் ஊருக்கு ஊர் இருப்பதன்று. காலிச் சிலிண்டரைக் கொடுத்து நிறைந்த சிலிண்டரை உடனே பெற்றுக்கொள்வதே வழக்கத்தில் சௌகரியமான முறை. சொந்தமாகப் புதிய சிலிண்டர் வாங்கியவர் இவ்விதம் மாற்றிக்கொண்டால், அவருடைய புதியது போய் எங்கெங்கோ உருண்ட பழையது ஒன்று வந்து சேரலாம். அதன் சோதனைக் கெடு அடுத்த மாதமே முடிவதாகவும் இருக்கலாம். மாற்றிக்கொள்ளாமல் தம்முடையதையே நிரப்பித் தரவேண்டும் என்று அவர் பிடிவாதம் செய்தால், அது போய்த் திரும்பும் வரையில் வேலை நிற்கும். வேலை நிற்காதிருக்க வேண்டுமானால் இரண்டாவது சிலிண்டரையும் வாங்கியாக வேண்டும். ஒரு மாட்டுக்குப் புல் வாங்கப்போய் இரண்டாவது மாட்டையும் வாங்கி வந்த கதையாக இது முடியும்.

கிரயத்தில் மூன்றாவது ஆபத்து, குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய சிலிண்டர். எண் அழிக்கப்பட்டதும், சோதனைத் தேதி தெரியாததும், உடையவர் யாரென்று சொல்லப்படாததுமான சிலிண்டரை நேர்மையான வியாபாரி எவரும் நிரப்பித் தரமாட்டார். பத்திரமில்லாத நிலத்தை வாங்க மறுக்கும் குடியானவர், ரசீது இல்லாத சிலிண்டரை மலிவு கருதி வாங்குவது அறிவுடைமை ஆகாது.

எரியும் வாயுவாக அசிடிலினை உபயோகிப்போருக்குக் கிரயம் இன்னும் பொருத்தமற்றது. அசிடிலின் சிலிண்டர் வெறும் எஃகுக் கூடு அன்று. அதனுள் நுண்துளைகள் நிறைந்த பஞ்சு போன்ற ஒரு பொருள் திணிக்கப்பட்டு, அதில் அசிட்டோன் என்னும் திரவம் ஊறியிருக்கும். அத்திரவத்தில் கரைந்தே அசிடிலின் அடங்கியிருக்கிறது. வெறும் கூட்டில் அதை அழுத்தி அடைத்தால் தானே வெடித்துவிடும். இச்சிலிண்டரைப் பண்படுத்தியவர்களுள் முக்கியமானவர் ஸ்வீடன் தேசத்து குஸ்டாவ் டாலென். 1912-ம் வருஷத்தில் அசிடிலின் சோதனை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் அவர் இரு கண்களையும் இழந்தார். பௌதிகத்துக்கான நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டதும் அதே வருஷத்தில்தான். அதில் கைதேர்ந்தவருக்கே இக்கதி நேர்ந்ததென்றால், உட்பொருளின் நிலைமையைக் கண்ணால் பார்த்து அறிய இயலாத அச்சிலிண்டரின் பராமரிப்புப் பொறுப்பைக் குடியானவர் ஏற்றுக்கொள்வதில் யாதொரு லாபமும் இல்லை.

கிராமப் பட்டறைகளில் அசிடிலினுக்குப் பதில் சமையல் எரிவாயுவைப் பிராணவாயுவுடன் கலந்து அறுப்பதும் உண்டு. அறுக்கும் வேலைக்கு அது போதுமானதே. ஆனால் வீட்டு உபயோகத்திற்கென்று கொடுக்கப்பட்ட 14.2 கிலோச் சிலிண்டரைக் கொட்டகைக்குக் கொண்டுபோவது 2000-ம் வருஷத்து மத்திய அரசாங்க ஆணைப்படி குற்றமாகும். தொழில் உபயோகத்திற்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர் தனியே உள்ளது. சமையலறையில் இருப்பதுதானே என்று அதையே எடுத்து உபயோகிப்பது, அரிசியில் மிச்சம் பிடித்து வழக்கில் செலவிடுவதாகும்.

இனி குத்தகையின் பக்கத்தையும் நடுநிலையோடு நோக்க வேண்டும். வாடகையின் குற்றம் ஒன்றே. அது வேலை நடக்கும் நாளிலும் ஓடும், நடக்காத நாளிலும் ஓடும். கணக்கின் பொருட்டு ஒரு சிலிண்டரின் விலை 12,000 ரூபாய் என்றும், மாத வாடகை 300 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளலாம். உண்மையான தொகைகளை அவரவர் வாயு வாங்கும் இடத்தில் கேட்டு இக்கணக்கில் இட்டுக்கொள்வது எளிது. வருஷம் முழுவதும் சிலிண்டரைக் கொட்டகையிலேயே வைத்திருப்பவர் வருஷத்திற்கு 3,600 ரூபாய் வாடகை கொடுப்பார். 40 மாதங்களில் சிலிண்டரின் விலை முழுவதும் வாடகையாகவே போய்விடும். இதைக் கண்டே பலர் கிரயத்தின் பக்கம் சாய்கின்றனர். ஆனால் அதே மனிதர் வேலை உள்ள இரண்டு மாதங்களுக்கு மட்டும் எடுத்து, முடிந்தவுடன் திருப்பிக் கொடுத்தால் வருஷச் செலவு 600 ரூபாய். விலைக்குச் சமமாவதற்கு 20 வருஷங்கள் செல்லும். அதற்குள் சொந்தச் சிலிண்டரானால் பலமுறை சோதனைக் கெடு வந்து போயிருக்கும்.

ஆகவே ஒரே சிலிண்டர், ஒரே வாடகை, ஒரே மனிதர். நாற்பது மாதமா இருபது வருஷமா என்பதைத் தீர்மானிப்பது திருப்பிக் கொடுக்கும் பழக்கமே. குத்தகையால் நஷ்டமடைபவர்களிற் பலர் வாடகையால் நஷ்டமடையவில்லை. காலிச் சிலிண்டரைக் கொட்டகை மூலையில் மறந்துவிட்டதால் நஷ்டமடைகின்றனர். கோடையிலோ, கரும்பு வெட்டுக்கு முந்திய ஓய்வு நாட்களிலோ ஒரு வாரத்தைக் குறித்து, அதுவரை முறிந்தவற்றையும் வெட்ட வேண்டியவற்றையும் ஒருங்கே சேர்த்து வைத்து, அந்த வாரத்தில் சிலிண்டரைத் தருவித்து வேலையை முடித்துத் திருப்பி அனுப்புவதே சிக்கனமான முறை.

"நடவு சமயத்தில் கேஜ் வீல் முறிந்தால் கோடை வரையில் காத்திருக்க முடியுமா?" என்று கேட்பது நியாயமே. முடியாதுதான். ஆனால் அப்படிப்பட்ட அவசர வேலைகளிற் பெரும்பாலானவை மெல்லிய தகட்டையும் கம்பியையும் பற்றியவை. மின்சாரக் கிரைண்டரில் அறுக்கும் சக்கரத்தை மாட்டினாலே தீர்ந்துவிடும். அவ்வேலையையும் வெல்டிங்கையும் பம்பு செட்டுக்குத் தரப்படும் இலவச மின்சாரத்தில் செய்யலாகாது. அதற்கு வீட்டு அல்லது தொழில் இணைப்பையே உபயோகிக்க வேண்டும். தடித்த அச்சும் பட்டையும் முறிந்தால் ஊர்ப் பட்டறை இருக்கிறது. வருஷத்தில் இரண்டு மூன்று முறை வரும் அவசரத்திற்காகப் பன்னிரண்டு மாதமும் சிலிண்டருக்குக் காவல் இருக்க வேண்டுவதில்லை.

சொந்தமாக இருந்தால் எக்காலத்திலும் கைகொடுக்கும் என்னும் நம்பிக்கைக்கு 2021-ம் வருஷம் தக்க பாடம் கற்பித்தது. அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் கொரோனா நோய் கடுமையாகப் பரவியபோது, உயிர் காக்கும் பொருட்டு, சில விலக்குகள் நீங்கலாகத் தொழில்களுக்குப் பிராணவாயு வழங்குவதை மத்திய அரசாங்கம் நிறுத்தி வைத்தது. அப்போது சொந்தச் சிலிண்டர் வைத்திருந்தவருக்கும் வாடகைச் சிலிண்டர் வைத்திருந்தவருக்கும் வித்தியாசம் இருக்கவில்லை; இருவரிடமும் இருந்தது காலி எஃகே. வாயுவின் வரத்து நின்றால் பாத்திரத்தின் உரிமை பயன்படாது.

ஒற்றி முறை இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்கிறது. மாத வாடகை இல்லாமல் முன்பணம் மட்டும் பெற்றுக்கொண்டு சிலிண்டர் தருவோர் கிடைப்பின், வருஷத்தில் சில தடவை உபயோகிப்பவருக்கு அதுவே மிகவும் அனுகூலமானது. பணம் முடங்குமேயன்றி அழியாது. சோதனைச் செலவும் தம்மைச் சாராது. ஆனால் ஒற்றிக்கு உயிர் பத்திரம். 2022-ம் வருஷம் ஜூன் மாதத்தில் 14.2 கிலோ சமையல் சிலிண்டரின் முன்பணம் 1,450 ரூபாயிலிருந்து 2,200 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு முன் இணைப்புப் பெற்றவர் திரும்பக் கேட்கும்போது அவருடைய சீட்டில் எழுதியுள்ள தொகையே பேச்சு. சீட்டைத் தொலைத்தவர் படும் சிரமம் ஊரறிந்தது. வாயுச் சிலிண்டரிலும் முன்பணத் தொகை, சிலிண்டர் எண், திருப்பித் தரும் நிபந்தனை, கழிவு உண்டானால் அதன் அளவு ஆகிய நான்கையும் எழுத்தில் பெறாமல் பணம் கொடுக்கலாகாது.

எனவே, எது தமக்கு ஏற்றது என்பதை நிலச்சுவான்தார் ஒருவர் தீர்மானிக்க ஒரு வருஷத்துக் கணக்கு போதும். எத்தனை நாள் அறுக்கும் வேலை வந்தது, எத்தனை சிலிண்டர் பிராணவாயு செலவாயிற்று என்று குறித்து வைத்தால் விடை தானே வரும். வருஷத்திற்கு ஒரு சிலிண்டர்கூடத் தீராதவர் டார்ச்சே வாங்க வேண்டுவதில்லை. பட்டறைக்கு அனுப்புவதே லாபம். இரண்டு மூன்று சிலிண்டர் தீர்ப்பவர் ஒற்றியோ, காலக் கெடுவோடு கூடிய குத்தகையோ கொள்ளலாம். மாதந்தோறும் சிலிண்டர் மாற்றுபவருக்கு மட்டுமே கிரயம் பொருந்தும். ஆனால் அவ்வளவு அறுப்பவர் ஏறக்குறையப் பட்டறைக்காரராகவே ஆகிவிட்டவர்.

இவ்விடத்தில் கிராமத்தின் பொது நன்மையையும் கருதுதல் தகும். பத்துக் கொட்டகைகளில் பத்துச் சிலிண்டர்கள் சும்மா நிற்பதைவிட, ஒரு பட்டறையில் இரண்டு சிலிண்டர்கள் இடைவிடாது புழங்குவது ஊருக்குச் சிக்கனம். கொல்லருடைய தொழிலும் அதனால் நிலைக்கும். கொல்லர் இல்லாத சிற்றூர்களில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமோ, உழவர் உற்பத்தியாளர் குழுவோ இப்பொறுப்பை ஏற்கலாம். 2014-15 முதல் மத்திய அரசாங்கத்தின் வேளாண் இயந்திரமயமாக்கும் திட்டத்தில் வாடகை இயந்திர மையங்கள் பல ஏற்பட்டுள்ளன. உழவு இயந்திரத்தை வாடகைக்குக் கொடுக்கும் மையம், அதைப் பழுது பார்க்கும் டார்ச்சையும், அதை ஆளத் தெரிந்த ஒருவரையும் வைத்துக்கொள்வதில் தடை என்ன? தனி மனிதருக்கு நஷ்டமாகும் கிரயம் கூட்டாக வாங்குமிடத்து லாபமாகும். ஏற்றமும் கிணறும் பங்காளிகளுக்குப் பொதுவாக இருந்து, முறை வைத்து இறைத்த ஊர்களுக்கு இது கற்பிக்க வேண்டிய பாடம் அன்று.

எம்முறையைக் கொண்டாலும் சிலிண்டரைப் பேணும் விதத்தில் வேற்றுமை இல்லை. பிராணவாயுவின் வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெயோ கிரீசோ படக் கூடாது. பட்டால் தீப்பற்றி வெடிக்கும். டிராக்டரில் வேலை செய்த கையோடு சிலிண்டரைத் தொடுவது ஆகாது. சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி, வெயில் படாமல், வைக்கோற் போரினின்றும் டீசல் பீப்பாயினின்றும் தூரத்தில் நிறுத்த வேண்டும். எரியும் வாயுவின் இணைப்பு மரை இடப்புறமாகவும் பிராணவாயுவினுடையது வலப்புறமாகவும் அமைந்திருப்பது ஒன்றுக்கு மற்றொன்றை மாட்டாதிருக்கவே. பொருந்தாததை வலிந்து பொருத்துவது உயிரோடு விளையாடுவதாகும். நெருப்பு குழாய்க்குள் திரும்பாமல் தடுக்கும் கருவியை மாட்டாமல் டார்ச்சைப் பற்றவைக்கக் கூடாது.

ஊராட்சித் தலைவர்களும், கிராம நிர்வாக அலுவலர்களும், கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களும் தத்தம் ஊரில் எத்தனை சிலிண்டர்கள் யாரிடம், எந்த இடத்தில் இருக்கின்றன என்பதை அறிந்து வைப்பது நன்று. தீ விபத்து நேர்ந்தால் தீயணைப்பு நிலையத்தார் முதலில் கேட்கும் கேள்வி அதுவே. சோதனைக் கெடு கடந்தது எதுவென்று வருஷத்திற்கு ஒருமுறை பார்த்துச் சொல்வதற்குப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. தோளில் குத்திய தேதியைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

நிலத்தைச் சேர்ப்பதில் தியாகதுருகத்துக் குடியானவருக்கு உள்ள ஆசை பெருமைக்குரியது. ஆனால் சேர்க்கத் தக்கது எது, புழங்கவிடத் தக்கது எது என்று பிரித்தறிவதே குடித்தனத்தின் சூட்சுமம். விதையும் நிலமும் மாடும் சேர்க்கத் தக்கவை. வாயுச் சிலிண்டரோ கை மாறிக்கொண்டிருக்க வேண்டிய பாத்திரம். அதைக் கொட்டகையில் கட்டிவைத்துச் சொத்தென்று எண்ணுவதைக் காட்டிலும், வேண்டும்போது தருவித்து, வேலை முடிந்த அன்றே அனுப்பிவிட்டு, மிஞ்சிய பணத்தைக் கிணற்றிலும் எருவிலும் போடுபவரே கணக்கறிந்த குடியானவர்.